சும்மா இருக்கும்போது எடிட்டர் ஏன் ஹேங் ஆகிறது? கண்டுபிடிக்கும் வழி

கேள்வி இது: தட்டச்சு செய்துகொண்டிருக்கும்வரை எடிட்டர் நன்றாக ஓடுகிறது. கையை எடுத்துவிட்டு எதையாவது படிக்க ஆரம்பித்தால் ஹேங் ஆகிவிடுகிறது. திரும்பி வந்து விசையை அழுத்தினால் பத்து இருபது நொடிக்கு அசைவே இல்லை. பிறகு அழுத்திய எழுத்தெல்லாம் மொத்தமாக வந்து கொட்டுகிறது. நடக்கும் வேலையை நிறுத்தும் கன்ட்ரோல்-ஜி அழுத்தியும் பலனில்லை. லினக்ஸ், அதில் ஈமேக்ஸ். பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் பிடிபடவில்லை. எங்கிருந்து தேடுவது?

பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்துவதை முதலில் விடுங்கள். காத்திருந்தால் மட்டுமே தலைகாட்டும் கோளாறுக்கு அந்த வழி நாள்கணக்கில் இழுக்கும். அதைவிட மோசம், ஒருமுறை வராமல் போனதை வைத்துச் சரியாகிவிட்டது என்று நம்ப வைத்துவிடும்.

சும்மா இருக்கும்போது ஹேங் ஆகிற எடிட்டர் உண்மையில் சும்மா இருப்பதில்லை. நீங்கள் எப்போது கையை எடுப்பீர்கள் என்று காத்திருந்த ஏதோ ஒரு வேலை அப்போது தொடங்குகிறது. ஈமேக்ஸில் திரை வரைவது, விசையைப் படிப்பது, டைமர் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எல்லாமே ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், நடக்கின்றன. அந்த வேலை முடியும்வரை நீங்கள் அழுத்தும் விசை அதன் காதில் விழாது.

ஆகவே இரண்டு எண்கள் வேண்டும். கையை எடுத்து எத்தனை நொடி கழித்து ஹேங் தொடங்குகிறது என்பது ஒன்று. எத்தனை நொடி நீடிக்கிறது என்பது மற்றொன்று. முதல் எண் எந்த வேலை என்று சொல்லும். இரண்டாம் எண் அந்த வேலை எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று சொல்லும். பல நேரங்களில் இந்த இரண்டிலேயே ஆள் அகப்பட்டுவிடும்.

அளப்பது எப்படி? கர்சர் மினுக்குவதை நம்ப வேண்டாம். ஈமேக்ஸின் கர்சர் 10 முறை மினுக்கியதும் தானாகவே நின்றுவிடும், அது ஹேங் அல்ல. விசையை அழுத்திப் பார்க்கவும் கூடாது, அழுத்தினால் சும்மா இருக்கும் நேரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். ஈமேக்ஸில் சர்வரைத் தொடங்கிவிட்டு, வேறொரு டெர்மினலில் ஒரு வைல் லூப் போடுங்கள்: ஒரு நொடி ஸ்லீப், பிறகு ‘டேட்’, பிறகு ‘ஈமேக்ஸ்கிளையன்ட்’ கமாண்டில் -ஈ விருப்பத்தோடு வெறும் ‘டி’ (t, ஈமேக்ஸில் ‘ஆம்’) என்ற மதிப்பைக் கேட்பது. ஈமேக்ஸ் விழித்திருக்கும்வரை நொடிக்கு ஒரு பதில் வரும். ஹேங் ஆனதும் பதில் நின்றுவிடும், விடுபட்டதும் தொடரும். நேரத்தில் விழுந்த இடைவெளியைப் பார்த்தால் இரண்டு எண்களும் அதில் இருக்கும். கீபோர்டைத் தொடவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஹேங் நேரத்தில் மற்ற டெர்மினல்களும் விசைக்கு அசையாமல் நின்றுபோனால், எடிட்டர்மேல் பழி போட முடியாது, இயந்திரமே திணறுகிறது.

எடிட்டர் போலத் தோன்றி எடிட்டர் அல்லாத வேறு இரண்டு உண்டு. டெர்மினலுக்குள் விம் எடிட்டரை ஓட்டுகிறவர்கள் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால், பல அமைப்புகளில் டெர்மினல் வெளியீட்டை நிறுத்தி வைத்துவிடும். கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விடுபடும்; நிரந்தரமாகத் தவிர்க்க ஷெல் அமைப்புக் கோப்பில் ‘எஸ்டிடிஒய் -ஐக்ஸான்’. இரண்டாவது, திரை மட்டும் நின்றுபோவது. ஹேங் ஆன நிலையிலேயே நாலு எழுத்துத் தட்டி, சேமிக்கும் விசையையும் அழுத்துங்கள். வேறொரு டெர்மினலில் ‘ஸ்டாட்’ போட்டு அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். அது உடனே மாறியிருந்தால் எடிட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் அல்லது கம்பாசிட்டர் (ஜன்னல்களைத் திரையில் அடுக்கும் நிரல்) பக்கம் போய்த் தேடுங்கள்.

இனி முதல் எண்.

அரை நொடியில் தொடங்கினால் சந்தேகப்பட வேண்டியவை ஒரு கூட்டமே உண்டு. எல்டாக் (ஃபங்ஷன் குறிப்பு காட்டுவது), ஃப்ளைமேக், ஃப்ளைசெக் (பிழை பார்ப்பவை), எல்எஸ்பி (மொழி சர்வரோடு பேசுவது), ஜிட்-லாக்கின் சூழல் நிறமிடல் எல்லாமே இயல்பாக 0.5 நொடி வைத்திருப்பவை. இங்கே எண் மட்டும் போதாது, பின்னால் சொல்லும் பதிவு தேவைப்படும். 5 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் ஆட்டோ-ரிவர்ட் (வட்டில் மாறிய கோப்பைத் தானாக மறுபடி படிப்பது). 15 நொடி என்றால், ஜிசிஎம்ஹெச் பேக்கேஜ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தட்டச்சு நேரத்தில் குப்பை சேகரிப்பை (பயன்படாத நினைவகத்தை மீட்பது) தள்ளிப்போட்டு, 15 நொடி சும்மா இருந்தால் அதை நடத்துவது அதன் வேலை. 30 நொடி ஆட்டோ-சேவ். ‘ஆட்டோ-சேவ்-டைம்அவுட்’ இயல்பு மதிப்பு அதுதான். பெரிய பஃபராக (எடிட்டரில் திறந்திருக்கும் உரை) இருந்தால் இது இன்னும் தள்ளிப்போகும். ஆட்டோ-சேவ் முடிந்த கையோடு, இன்னும் விசை எதுவும் வரவில்லை என்றால் குப்பை சேகரிக்கலாமா என்றும் ஈமேக்ஸ் பார்த்துக்கொள்ளும், ஆகவே 30 நொடிக்கு இரண்டு சந்தேக நபர்கள். திறந்த கோப்புகளை அடுத்த முறைக்கு நினைவில் வைக்கும் டெஸ்க்டாப்-சேவ் பயன்படுத்தினால் அதற்கும் 30 என்பதால் மூன்று. நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மோட்லைனில் (அடியில் உள்ள நிலைவரி) நேரம் காட்டும் டிஸ்ப்ளே-டைம். நேரம் காட்டுவதில் என்ன பாரம் என்று தோன்றும். அது மெயில் வந்திருக்கிறதா என்றும் கோப்பைப் பார்க்கிறது, அந்தக் கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருந்தால் தீர்ந்தது. 300 நொடி என்றால், நீங்கள் தட்டிய கமாண்டுகளின் வரலாற்றைச் சேமிக்கும் சேவ்ஹிஸ்ட்.

இரண்டாம் எண் இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அதை எடிட்டர் தீர்மானிப்பதில்லை. 5, 10, 20 நொடி என்று ஐந்தின் மடங்கில் நீடித்தால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் பெயர் தேடல் ஒரு சர்வருக்கு 5 நொடி காத்திருக்கும், இரண்டு முறை முயலும். சரியாக 25 நொடி என்றால் டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி). பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பு எல்லை அது. 2 நிமிடம் 7 நொடி அல்லது 11 நொடி என்றால், எதிர்முனையில் யாருமே இல்லாத முகவரிக்கு டிசிபி இணைப்பு போட முயல்கிறது. லினக்ஸ் பலமுறை மறுபடி அனுப்பிப் பார்த்துக் கைவிடப் பழைய கெர்னல்களில் 127 நொடி, 6.5 முதல் 131 நொடி ஆகும். ஏறத்தாழ 15 நிமிடம் என்றால், ஏற்கெனவே இருந்த இணைப்பு சத்தமில்லாமல் செத்துவிட்டது, இந்தப் பக்கத்துக்கு அது தெரியவில்லை. சில நொடிகள் நீடித்து, கூடவே வட்டு சுழலத் தொடங்கும் சத்தமும் கேட்டால் தூங்கிப்போன ஹார்ட் டிஸ்க். நேரம் ஒவ்வொருமுறையும் மாறினால், அதுவும் எடிட்டர் திறந்து நாளாக நாளாகக் கூடினால், வெளியே தேட வேண்டாம், நினைவகத்தைப் பாருங்கள்.

எண்கள் தெளிவாகப் பேசாவிட்டால் ஹேங் நடக்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். முதல் கேள்வி ஒன்றுதான்: சிபியூவைத் தின்கிறதா, எதற்காவது காத்திருக்கிறதா? ‘டாப்’ கமாண்டில் ஈமேக்ஸின் ப்ராசஸ் எண்ணை மட்டும் கொடுத்து ஓடவிட்டு, நிலை என்ற பத்தியில் வரும் எழுத்தைப் பாருங்கள். ‘ஆர்’ என்றும் சிபியூ நூறு சதவீதத்தை ஒட்டியும் இருந்தால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. ‘எஸ்’ என்றும் சிபியூ பூஜ்யம் என்றும் இருந்தால் நெட்வொர்க்குக்கோ வேறொரு ப்ராசஸுக்கோ காத்திருக்கிறது. ‘டி’ (D) என்றால் கெர்னலுக்குள் வட்டுக்காகவோ என்எஃப்எஸ்ஸுக்காகவோ (நெட்வொர்க் வழியாக வரும் கோப்பமைப்பு) மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ பாருங்கள். என்எஃப்எஸ் சர்வர் பதில் தரவில்லை என்ற வரியோ, ப்ராசஸ் 120 நொடிக்கு மேல் தடைபட்டிருக்கிறது என்ற வரியோ இருந்தால் எடிட்டரில் தேட வேண்டியது எதுவும் இல்லை.

காத்திருக்கும் வகைக்கு, ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’. சிறிய பி (-p) விருப்பத்தில் ப்ராசஸ் எண். சிறிய எஃப் (-f) எல்லா த்ரெட்டுகளையும் பின்தொடர. சிறிய டி இரண்டு (-tt) போட்டால் மைக்ரோ நொடி வரை நேரம். பெரிய டி (-T) போட்டால் ஒவ்வொரு சிஸ்டம் அழைப்பும் எடுத்த நேரம். அனுமதி மறுத்தால் சூடோவோடு ஓட்டுங்கள். உபுண்டு போன்றவற்றில் அடுத்த ப்ராசஸோடு இப்படி ஒட்டிக்கொள்வது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும்.

இங்கே எதைப் பார்ப்பது என்று தெரியாமல்தான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆரோக்கியமாகச் சும்மா இருக்கும் ஈமேக்ஸும் ‘பிசெலக்ட்6’ அழைப்பில்தான் உட்கார்ந்திருக்கும், ஹேங் ஆன ஈமேக்ஸும் பெரும்பாலும் அதே அழைப்பில்தான் இருக்கும். வித்தியாசம் அடைப்புக்குள் இருக்கிறது. ஆரோக்கியமானது நாலைந்து ஃபைல் டிஸ்கிரிப்டர்களை (திறந்த கோப்பு, இணைப்புகளுக்கான எண்கள்) ஒன்றாகக் கவனிக்கும். கீபோர்டு நிகழ்வுகள் வரும் இணைப்பும் அதில் ஒன்று. ஹேங் ஆனது ஒன்றே ஒன்றை, உதாரணமாக 11ஐ மட்டும், வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ப்ராக் (/proc) கோப்பகத்தில் அந்த ப்ராசஸ் எண்ணுள்ள ஃபோல்டருக்குள் ‘எஃப்டி’ என்பதைத் திறந்து 11 எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். சாக்கெட் என்றால் ‘எஸ்எஸ்’ கமாண்டில் எந்த முகவரி என்று தெரியும். பைப் அல்லது போலி டெர்மினல் என்றால் ஈமேக்ஸ் பெற்ற பிள்ளை ஒன்று மறுமுனையில் இருக்கிறது. ‘பிஎஸ்ட்ரீ -பி’ போட்டால் பெயரும் எண்ணும் வந்துவிடும். கிட், எஸ்எஸ்ஹெச், ஆஸ்பெல் (எழுத்துப்பிழை பார்ப்பது), ஜிபிஜி (குறியாக்கம் செய்வது) ஆகியவை அங்கே வழக்கமாகத் தென்படுபவை. ஜிபிஜி இருந்தால் வேறொரு டெஸ்க்டாப்பிலோ ஜன்னல்களுக்குப் பின்னாலோ கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னப் பெட்டி காத்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் நடப்பதுதான்.

இனி ஈமேக்ஸுக்கு உள்ளே. கன்ட்ரோல்-ஜி ஏன் வேலை செய்வதில்லை? டைமர் வேலையைக் கூப்பிடுவதற்கு முன் ஈமேக்ஸ் ‘இன்ஹிபிட்-க்விட்’ என்ற மாறியை ‘டி’ ஆக்கிவிடுகிறது. பாதியில் அறுத்தால் வேலை அரைகுறையாக நின்று உள்நிலை கெட்டுவிடும் என்பதற்காக. ஆகவே டைமருக்குள் மாட்டிய ஹேங்கில் ‘டீபக்-ஆன்-க்விட்’ வைத்தும் பயனில்லை; அந்த யோசனையைச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதற்குப் பதில் வெளியிலிருந்து யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்புங்கள். ‘பிகில்’ கமாண்டில் -யூஎஸ்ஆர்2 என்றும் ஈமேக்ஸ் என்றும் கொடுத்தால் போதும். இந்தச் சிக்னலுக்கு ஈமேக்ஸில் தனி மரியாதை: அது ‘இன்ஹிபிட்-க்விட்’ தடையையும் நீக்கிவிட்டு டீபக்கரைத் திறக்கும். லிஸ்ப் (ஈமேக்ஸ் பேக்கேஜ்களின் மொழி) கோடுக்குள் மாட்டியிருந்தால் பேக்ட்ரேஸ் பஃபர், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல், வந்து நிற்கும். சிக்னலுக்குப் பிறகு ‘டீபக்-ஆன்-க்விட்’ இயக்கத்திலேயே இருந்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் ‘டாகிள்-டீபக்-ஆன்-க்விட்’ போட்டு அணைத்துவிடுங்கள்.

பேக்ட்ரேஸைக் கீழிருந்து மேலே படியுங்கள். அடியில் ‘டைமர்-ஈவண்ட்-ஹேண்ட்லர்’ இருந்தால் இது டைமர் வேலைதான். அதற்கு மேல் ‘ஆட்டோ-ரிவர்ட்-பஃபர்ஸ்’, அதற்கு மேல் ‘ஆட்டோ-ரிவர்ட்-ஹேண்ட்லர்’, அதற்கும் மேல் ‘விசி-ரெஃப்ரெஷ்-ஸ்டேட்’, உச்சியில் ‘கால்-ப்ராசஸ்’, அதன் முதல் உள்ளீடு ‘கிட்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதை முழுவதும் இதில் இருக்கிறது. 5 நொடிக்கு ஒருமுறை எல்லா பஃபரையும் பார்க்கும் டைமர், ஒவ்வொரு பஃபருக்கும் கிட்டை ஓட்டி அது முடியும்வரை காத்திருக்கிறது. ‘ஆட்டோ-ரிவர்ட்-செக்-விசி-இன்ஃபோ’ இயல்பாக ‘நில்’ (nil, ‘இல்லை’). யாரோ அதை ‘டி’ ஆக்கியிருக்கிறார்கள், கிளைப் பெயர் மோட்லைனில் சுடச்சுட மாற வேண்டும் என்று. ஐந்து பஃபருக்கு இது தெரியாது. நூறு பஃபரும் பெரிய ரெப்போவும் மெதுவான டிரைவும் சேரும்போது தெரியும்.

தட்டச்சு நேரத்தில் இது ஏன் தலைகாட்டவில்லை? ‘ஆட்டோ-ரிவர்ட்-ஸ்டாப்-ஆன்-யூசர்-இன்புட்’ இயல்பாக இயக்கத்தில் இருக்கிறது. விசை காத்திருந்தால் ஆட்டோ-ரிவர்ட் அடுத்த பஃபருக்குப் போகாமல் ஒதுங்கிக்கொள்ளும். பார்த்தால் இது சும்மா இருக்கும்போது மட்டும் ஓடும் ‘ஐடில் டைமர்’ அல்ல, சாதாரண டைமர். நடத்தையில் மட்டும் நீங்கள் சும்மா இருக்கும்போது கொடுமை செய்கிறது. ஐடில் டைமர்களை மட்டும் துருவுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ‘லிஸ்ட்-டைமர்ஸ்’ கமாண்ட் இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் காட்டும், அதையே பயன்படுத்துங்கள். முதல்முறை ஓட்டும்போது இது முடக்கப்பட்ட கமாண்ட் என்று கேட்கும், அனுமதி கொடுக்கலாம். சந்தேகமான வரியின்மேல் ‘சி’ அழுத்தினால் அந்த டைமர் அந்த அமர்வுக்கு மட்டும் ரத்தாகும். பேக்கேஜை நீக்கிவிட்டு எடிட்டரைத் திரும்பத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஹேங்குக்கு ஒரு பொறி வைக்கலாம். எல்லா டைமரும் ‘டைமர்-ஈவண்ட்-ஹேண்ட்லர்’ வழியாகத்தான் போக வேண்டும். அதன்மேல் ‘அட்வைஸ்-ஆட்’ கொண்டு ‘அரவுண்ட்’ வகை அட்வைஸ் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றி நம் கோடைச் சேர்ப்பது) ஒன்று போடுங்கள்: முன்னால் ‘ஃப்ளோட்-டைம்’ குறித்துக்கொள், அசல் ஃபங்ஷனைக் கூப்பிடு, பின்னால் மறுபடி ‘ஃப்ளோட்-டைம்’, வித்தியாசம் 0.2 நொடிக்கு மேல் என்றால் ‘டைமர்--ஃபங்ஷன்’ தரும் பெயரையும் வித்தியாசத்தையும் ‘மெசேஜ்’ கொண்டு எழுது. ஆறேழு வரிதான். வழக்கம்போல் வேலை செய்யுங்கள். ஹேங் வந்து போன பிறகு மெசேஜஸ் பஃபரைத் திறந்தால் குற்றவாளியின் பெயரும் எடுத்துக்கொண்ட நேரமும் எழுதப்பட்டிருக்கும். பெயருக்குப் பதில் லாம்டாவோ பைட்-கோடோ வந்தால் அதன் உள்ளே தெரியும் மாறிப் பெயர்களை வைத்து எந்த பேக்கேஜ் என்று ஊகிக்கலாம்.

பொறியில் எதுவும் விழவில்லை, ஆனால் ஹேங் வந்தது என்றால் டைமர் அல்ல. ஈமேக்ஸ் சும்மா காத்திருக்கும்போது நடக்கும் இன்னொரு வேலை ப்ராசஸ் ஃபில்டர். எல்எஸ்பி சர்வரோ ஷெல்லோ அனுப்பிய வெளியீட்டை ஈமேக்ஸ் காத்திருக்கும் தருணத்தில்தான் வாங்கி அலசுகிறது. மொழி சர்வர் மொத்த ப்ராஜெக்டையும் அலசி முடித்து ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளை ஒரே மூச்சில் அனுப்பினால், அல்லது ஷெல் பஃபரில் ஒரே வரியில் பல மெகாபைட் வந்து விழுந்தால், ஹேங். கோப்பு மாற்ற அறிவிப்புகளும் இந்த வழியில்தான் வருகின்றன. இங்கே யூஎஸ்ஆர்2 பேக்ட்ரேஸ்தான் கை கொடுக்கும்.

சிபியூ தின்னும் வகைக்கு ஈமேக்ஸின் சொந்த ப்ரொஃபைலர் நல்லது: ‘ப்ரொஃபைலர்-ஸ்டார்ட்’, சிபியூ என்று தேர்வு, கையை எடுத்துக் காத்திருப்பு, பிறகு ‘ப்ரொஃபைலர்-ரிப்போர்ட்’. லினக்ஸில் அது சிபியூ நேரத்தையே அளக்கிறது. நெட்வொர்க்குக்காக 20 நொடி காத்திருந்தாலும் அந்த அறிக்கையில் அது இருக்காது. அறிக்கை சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அறிக்கையில் தானியங்கி குப்பை சேகரிப்பு என்ற வரியே பெரும் பங்கை எடுத்துக்கொண்டால் திசை தெளிவு. ‘கார்பேஜ்-கலெக்‌ஷன்-மெசேஜஸ்’ இயக்கி வையுங்கள். ஹேங்கும் அந்தச் செய்தியும் ஒன்றாக வந்தால் உறுதி. சேகரிப்பு நடக்கும்போது கன்ட்ரோல்-ஜியும் எடுபடாது, யூஎஸ்ஆர்2வும் எடுபடாது.

குப்பை சேகரிப்பைப் பற்றி ஒரு பரவலான தவறான மருத்துவம் உண்டு. ‘ஜிசி-கான்ஸ்-த்ரெஷோல்ட்’ இயல்பாக 8,00,000 பைட். அதை நூற்றுக்கணக்கான மெகாபைட்டாக ஏற்றினால் வேகம் வரும் என்று சொல்வார்கள். ஏற்றினால் சேகரிப்பு எப்போதாவதுதான் வரும், வரும்போது நீண்டதாக வரும். உயிருள்ள பொருள்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்பதால், நினைவகத்தில் ஒரு பகுதி ஸ்வாப்புக்குப் போயிருந்தால் அத்தனையும் வட்டிலிருந்து திரும்ப வர வேண்டும். ப்ராக் கோப்பகத்தில் ஈமேக்ஸின் ப்ராசஸ் எண்ணுள்ள ஃபோல்டரின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் ‘விஎம்ஸ்வாப்’ வரி எத்தனை என்று பாருங்கள். அது சில நூறு மெகாபைட் இருந்தால் எல்லையைக் குறைப்பதைவிட நினைவகத்தைத் தின்னும் பஃபரைக் கண்டுபிடிப்பதே சிகிச்சை. ஈமேக்ஸ் 28 முதல் ‘மெமரி-ரிப்போர்ட்’ அதைச் சொல்லும். பெரும்பாலும் மூட மறந்த லாக் பஃபரோ மலையாகக் குவிந்த அன்டூ வரலாறோ இருக்கும்.

சந்தேகம் ஒன்றின்மேல் விழுந்ததும் காத்திருக்க வேண்டாம், அதைக் கையால் ஓட்டிப் பாருங்கள். ‘பெஞ்ச்மார்க்-ரன்’ கொண்டு ‘டு-ஆட்டோ-சேவ்’ ஒருமுறை ஓட்டினால் மூன்று எண் வரும்: மொத்த நேரம், நடந்த சேகரிப்புகள், சேகரிப்புக்கு ஆன நேரம். ஆட்டோ-சேவ் ஒருமுறை முடிந்திருந்தால் புதிதாக எழுத எதுவும் இருக்காது என்பதால், அதற்கு முன் ஒரு எழுத்தாவது மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

ஆட்டோ-சேவ்தான் என்று உறுதியானால் காரணம் அநேகமாகக் கோப்பு இருக்கும் இடம். ட்ராம்ப் (தொலைக் கணினியின் கோப்பைத் திறக்கும் ஈமேக்ஸ் வசதி) வழியாகத் திறந்த கோப்பின் ஆட்டோ-சேவ் நகல் இயல்பாகவே உள்ளூர் தற்காலிக ஃபோல்டருக்குப் போய்விடும், அதில் தொல்லை குறைவு. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ், என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்த கோப்புதான் சிக்கல். ஈமேக்ஸுக்கு அது சாதாரண உள்ளூர்க் கோப்பாகத் தெரிவதால் நகலையும் அங்கேயே எழுதும். ‘ஆட்டோ-சேவ்-ஃபைல்-நேம்-ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்’ பட்டியலில் எல்லாக் கோப்புக்கும் உள்ளூர் ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள். ஃபோல்டர் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேமிப்பு தோற்கும்.

ட்ராம்பின் தொல்லை வேறு விதம். பத்து நிமிடம் பேச்சில்லாமல் இருந்தால் இடையில் உள்ள ரூட்டரோ ஃபயர்வாலோ இணைப்பை மறந்துவிடும். அடுத்து ஏதாவது ஒரு டைமர் அந்தத் தொலைக்கோப்பு இருக்கிறதா என்று கேட்டதும், பதில் வராத இணைப்பில் ஈமேக்ஸ் மாட்டிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்-அலைவ்-இன்டர்வல்’ 15 என்று வையுங்கள். பதில் வராத முயற்சிகளின் எல்லை இயல்பாக 3 என்பதால், செத்த இணைப்பு 45 நொடியில் வெட்டப்படும், 15 நிமிடம் தொங்காது. கூடவே அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று பார்த்து நிறுத்துங்கள். ‘ரீசன்ட்எஃப்-ஆட்டோ-கிளீன்அப்’ மாறிக்கு நொடிக் கணக்கில் எண் கொடுத்திருந்தால் அதுவே பழைய தொலைக்கோப்புகளைத் தட்டி எழுப்பும்.

நீங்களே எழுதிய ஐடில் டைமர் ஏதாவது இருந்தால் இந்தத் தவறு இருக்கிறதா என்று சரிபாருங்கள். டைமர் ஃபங்ஷனுக்குள்ளிருந்து மறுபடி ஒரு ஐடில் டைமரை, ஏற்கெனவே சும்மா இருந்துவிட்ட நேரத்தைவிடக் குறைந்த நொடியில் போட்டால், அது உடனே ஓடும், மறுபடி போடும், மறுபடி ஓடும். விசை அழுத்தும்வரை சிபியூ நூறில் நிற்கும். மறுபடி போட்டே ஆக வேண்டும் என்றால் ‘கரன்ட்-ஐடில்-டைம்’ மதிப்போடு இடைவெளியைக் கூட்டிப் போடுங்கள்.

மடிக்கணினியைத் தூங்க வைத்து எழுப்பியதும் மட்டும் ஹேங் வந்தால், தூங்கிய நேரத்தில் தவறிய டைமர்கள் கணக்குத் தீர்க்கின்றன. ஒரு டைமர் அதிகபட்சம் எத்தனை முறை ஈடுகட்டலாம் என்பதை ‘டைமர்-மேக்ஸ்-ரிபீட்ஸ்’ சொல்கிறது, இயல்பு 10. அதை 1 ஆக்கினால் பெரும்பாலும் போதும்.

விம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ‘அப்டேட்டைம்’ இயல்பு 4000 மில்லிநொடி. அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் ஸ்வாப் கோப்பு (சேமிக்காத மாற்றங்களின் நகல்) எழுதப்படும், கர்சர்ஹோல்ட் நிகழ்வும் கிளம்பும். 4 நொடியில் ஹேங் என்றால் இரண்டில் ஒன்று. ‘வெர்போஸ் ஆட்டோகமாண்ட் கர்சர்ஹோல்ட்’ போட்டால் யாரெல்லாம் அதில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கோப்பின் வழியாக என்று தெரியும். ‘ஈவண்ட்இக்னோர்’ மாறியில் கர்சர்ஹோல்டையும் கர்சர்ஹோல்ட்ஐயையும் சேர்த்தால் ஹேங் நின்றதா? பிளகின். நிற்கவில்லையா? ‘டைரக்டரி’ மாறியை உள்ளூர் ஃபோல்டருக்கு மாற்றி எடிட்டரைத் திரும்பத் திறந்து பாருங்கள். விம் இயல்பாக ஸ்வாப் கோப்பை எழுதியதும் ‘எஃப்சிங்க்’ செய்து வட்டில் பதிந்துவிட்டதா என்று காத்திருக்கும். நெட்வொர்க் டிரைவில் அதுதான் வலி. கிட் குறியீடுகள் உடனே தெரிய வேண்டும் என்று ‘அப்டேட்டைமை’ 100க்குக் குறைத்தவர்களுக்கு இதே ஹேங் ஒவ்வொரு சிறு இடைநிறுத்தத்திலும் வரும்.

விஎஸ் கோடில் கதை வேறு, ஏனென்றால் அது பல ப்ராசஸ்களாகப் பிரிந்தது. தட்டச்சு ஓடுகிறது, பரிந்துரைகள் மட்டும் வரவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் மாட்டியிருக்கிறது. மொத்த ஜன்னலும் நின்றால் ரெண்டரர் அல்லது கிராஃபிக்ஸ். உதவி மெனுவில் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வைத்துக்கொண்டு எது சிபியூ தின்கிறது என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன்தான் என்றால் அதிலேயே உள்ள எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் வசதி பாதி பாதியாக நிறுத்திக் கேள்வி கேட்டுப் பிடித்துத் தரும். 64 எக்ஸ்டென்ஷனுக்கு ஆறு சுற்று. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிட் ஆட்டோஃபெட்ச் இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள், அதன் இடைவெளி 180 நொடி. விண்டோஸில் எந்த எடிட்டராக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் ப்ராசஸ்மேல் வலது கிளிக் செய்து காத்திருப்புச் சங்கிலியை அலசச் சொல்லலாம். கால் மணி நேரத்துக்குப் பிறகே ஹேங் என்றால், நெட்வொர்க் டிரைவை விண்டோஸ் சர்வர் 15 நிமிடத்தில் தானாகத் துண்டிக்கும் வழக்கம் நினைவில் இருக்கட்டும்.

ஹேங் விடவே இல்லை, கொன்றுதான் ஆக வேண்டும் என்றால் எடுத்த எடுப்பில் -9 வேண்டாம். வெறும் ‘கில்’ அனுப்பும் டெர்ம் சிக்னல் கிடைத்தால் ஈமேக்ஸ் ஆட்டோ-சேவ் செய்துவிட்டுச் சாகும், விம் ஸ்வாப் கோப்பைப் பத்திரப்படுத்தும். -9 எதற்கும் வாய்ப்பு தராது. கொல்வதற்கு முன் முடிந்தால் ‘ஜிடிபி’யை ஒட்டவைத்து எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள், டீபக் சிம்பல்கள் இல்லாவிட்டாலும் குப்பை சேகரிப்பா, திரை வரைவதா, நூலகத்துக்குள் சாக்கெட் காத்திருப்பா என்ற அளவுக்கு அதிலிருந்து தெரியும்.

சரிசெய்த பிறகு அந்த டைமர் பொறியை உடனே எடுத்துவிட வேண்டாம். ஒரு வாரம் இருக்கட்டும். 20 நொடி எடுத்தவன் போனதும், அவன் நிழலில் ஒரு நொடி இரண்டு நொடி எடுத்துக்கொண்டிருந்த வேறு சிலர் மெசேஜஸ் பஃபரில் வரிசையாக வருவார்கள்.